முல்லைத்தீவுக்குப் படகு விட்ட கதை: உலாவிக்கும் சேர்வருக்கும் ஒரே நிரல்

தொலைபேசியை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வசனம் இதுதான்: "தம்பி, எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் பஸ் வருகிறது. நீங்கள் ஏன் பொதியைப் படகில் அனுப்பப் பார்க்கிறீர்கள்?"

பேசியவர் முல்லைத்தீவில் இருக்கும் ஒரு அம்மா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் விற்கும் சிறிய கடை ஒன்றுக்கு நான் இணையத்தளம் செய்து கொடுத்திருந்தேன். அதில் அவர் ஓடர் கொடுக்கப் போனபோது திரையில் 'படகுக் கட்டணம் 250 ரூபாய்' என்று வந்திருக்கிறது. சரி, வருவது வரட்டும் என்று அனுப்பியிருக்கிறார். கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் அந்த 250 ரூபாயைக் காணவில்லை. இரண்டில் எது உண்மை என்று கேட்கத்தான் அழைத்தார்.

நிரலைத் திறந்தேன். கட்டணத்தைக் கணக்கிடும் ஃபங்ஷன், அதாவது அந்தக் கணக்கைச் செய்யும் நிரல் துண்டு, இரண்டு இடங்களில் இருந்தது: வாடிக்கையாளர் பக்கத்தைத் திறக்கும் உலாவியில் ஒன்று, தளத்தை நடத்தும் கணினியான சேர்வரில் ஒன்று. உலாவிப் பக்கத்தில் இருந்த பிரதி, ஊரின் பெயர் 'தீவு' என்று முடிந்தால் படகுக் கட்டணத்தைச் சேர்த்தது. ஒரு மழை இரவில் அவசரமாக எழுதிய வரி. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாம் சரியாகவே வந்தன. கூடவே, பெயரில் மட்டும் தீவாக இருக்கும் முல்லைத்தீவும் கடலுக்குள் போய்விட்டது. தாம்போதி (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதி) வழியாகப் பஸ் ஓடும் புங்குடுதீவுக்கும் நான் படகு விட்டிருந்தேன். பிறகு கடைக்கார அண்ணன் உண்மையில் படகு தேவைப்படும் ஊர்களைக் கொப்பித் தாளில் எழுதித் தந்தபோது, சேர்வரில் இருந்த பிரதியை மட்டும் திருத்தினேன். மற்றதை மறந்தே போனேன். அந்த அம்மா கேட்டார். கேட்காமல், தொகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடியவர்கள் எத்தனை பேர் என்று அறிய எனக்கு வழியே இல்லை.

அதன் பிறகு இப்படிப்பட்ட விதிகளை ஒரே இடத்தில் எழுதி, உலாவியும் சேர்வரும் அங்கிருந்தே எடுக்கும்படி செய்து வருகிறேன். அந்த முறையைத்தான் கீழே எழுதுகிறேன். ஜாவாஸ்கிரிப்டோ டைப்ஸ்கிரிப்டோ ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

எது பொதுவுக்கு, எது வேண்டாம்

உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட் 1995இலேயே வந்துவிட்டது. சேர்வரிலும் அதே மொழியைப் பரவலாக ஓடவைத்தது ரயன் டால் 2009இல் வெளியிட்ட நோட் என்ற மென்பொருள். அதற்கு முன்பு சேர்வரில் பிஎச்பியோ ஜாவாவோ இருந்தால் ஒரே விதியை இரண்டு மொழிகளில் இரண்டு முறை எழுதியே ஆக வேண்டும். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் நேர் எதிரான ஆசை ஒன்று பிடித்துக்கொள்கிறது: எல்லாவற்றையும் பொதுவில் போட்டால் என்ன? போடாதீர்கள்.

நான் ஒரு கேள்வியை வைத்துப் பிரிக்கிறேன். தேவையான விவரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், ஒருவர் பேனாவை வைத்துக்கொண்டே விடையைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியுமென்றால் அது பொதுவுக்கு உரியது. விநியோகக் கட்டணம், அடையாள அட்டை இலக்கம் சரியா என்ற சரிபார்ப்பு, இரண்டு திகதிகளுக்கு இடையே எத்தனை இரவுகள் என்ற கணக்கு எல்லாம் அப்படிப்பட்டவை. தரவுத்தளத்தைப் பார்க்க வேண்டும், மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், திரையில் ஒரு பொத்தானை மங்கலாக்க வேண்டும் என்றால் பேனா போதாது. அவை அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒரே விதி ஏன் இரண்டு பக்கமும் ஓட வேண்டும் என்றும் சிலர் கேட்பார்கள். உலாவியில் ஓடுவது வசதிக்காக. குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒற்றைக் கோட்டு சிக்னலோடு நிற்பவருக்கு, ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும் சேர்வரிடம் போய்த் தொகையைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சேர்வரில் ஓடுவது காவலுக்காக. உலாவி வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது. அதில் ஓடும் எதையும் அவர் மாற்றலாம், நம் பக்கத்தைத் திறக்காமலே கோரிக்கையை அனுப்பவும் செய்யலாம். ஆகவே பொது நிரலை உலாவி ஓடவிட்டது என்பதற்காகச் சேர்வர் தன் சரிபார்ப்பைக் கைவிடக்கூடாது.

மூன்று கோப்புறைகள்

திட்டத்துக்குள் மூன்று கோப்புறைகள் செய்யுங்கள்: உலாவி, சேர்வர், பொது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேக்கேஜ் ஜேசன் கோப்பு (அதன் பெயரையும் அது சார்ந்திருக்கும் நூலகங்களையும் எழுதும் இடம்). எல்லாவற்றுக்கும் மேலே, வேரில் இன்னொன்று. வேரில் இருக்கும் கோப்பில் 'வேர்க்ஸ்பேஸஸ்' என்ற பட்டியலில் மூன்றின் பெயரையும் எழுதுங்கள். பிறகு உலாவி, சேர்வர் இரண்டின் சார்புப் பட்டியலிலும் பொதுவின் பெயரைச் சேர்த்து, வேரில் நின்று, நூலகங்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் இன்ஸ்டால் கட்டளையை ஒருமுறை கொடுங்கள். என்பிஎம் 7ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அது பொதுக் கோப்புறையைப் பிரதி எடுப்பதில்லை. நிறுவிய நூலகங்கள் இருக்கும் நோட் மொட்யூல்ஸ் கோப்புறைக்குள் ஒரு சுட்டியை வைக்கிறது. பொதுவில் ஒரு வரியைத் திருத்தினால் இரண்டு பக்கமும் அந்த வரியையே படிக்கும். பொதுக் கோப்புறையின் பேக்கேஜ் ஜேசனில் வகையை 'மொட்யூல்' என்று குறிப்பிட்டுவிடுங்கள். இம்போர்ட் முறை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துபவர்கள் அடுத்த விடயத்தைக் கட்டாயம் செய்யுங்கள், இரண்டு நிமிட வேலைதான். பொதுக் கோப்புறைக்கென்று தனி டிஎஸ் கொன்ஃபிக் கோப்பு (டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பு) வையுங்கள். அதில் 'லிப்' என்ற இடத்தில் மொழியின் பதிப்பான ஈஎஸ் 2022 மட்டும் இருக்கட்டும், உலாவியின் பொருட்களைத் தரும் டொம் வேண்டாம். 'டைப்ஸ்' என்ற பட்டியலை வெறுமையாக விடுங்கள். இனி பொது நிரலில் யாராவது 'விண்டோ' என்று எழுதினால் உலாவியின் பொருள் அங்கே இல்லை என்று கொம்பைலர் நிறுத்தும். 'புரோசஸ்' என்று எழுதினால் நோட்டின் பொருள் இல்லை என்று நிறுத்தும். தான் எங்கே ஓடுகிறோம் என்றே பொது நிரலுக்குத் தெரியக்கூடாது. இப்படிச் செய்தால், செய்தியை வெளியே அச்சிடும் 'கன்சோல்' கூடக் கிடைக்காது. முதல் நாள் எரிச்சலாக இருந்தது, இப்போது எனக்கு அது பிடித்திருக்கிறது. கணக்குப் போடும் ஃபங்ஷன் கத்தத் தேவையில்லை.

கட்டணம்

இனி அந்தக் கட்டண ஃபங்ஷனைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடையின் விதி: முதல் கிலோவுக்கு 300 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 100 ரூபாய். படகு ஊர் என்றால் மேலதிகமாக 250.

600 கிராம் பனங்கட்டி, 500 கிராம் ஒடியல் மா, 400 கிராம் மிளகாய்த்தூள் வாங்குகிறார் ஒருவர். எடையைக் கூட்டினால் 1500 கிராம், அதாவது இரண்டு கிலோ எனக் கொள்ள வேண்டும், கட்டணம் 400. ஒவ்வொன்றையும் முதலில் முழுக் கிலோவாக்கிவிட்டுக் கூட்டினால் மூன்று கிலோ, கட்டணம் 500. முல்லைத்தீவு அம்மாவின் வழக்கை விசாரிக்கப் போன இடத்தில் இதுவும் அகப்பட்டது. இம்முறை உலாவிப் பிரதி சரி, சேர்வர்ப் பிரதி பிழை. இறுதித் தீர்ப்புச் சேர்வருடையது என்பதால் அது எப்போதும் சரியாகச் சொல்லும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பொதுப் பிரதியை எழுதும்போது மூன்று பழக்கங்களை வைத்துக்கொண்டேன். எடை எப்போதும் கிராமில், பணம் எப்போதும் சதத்தில், இரண்டுமே முழு எண்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று சொல்லும். அந்த வால் ஒரு நாள் கிலோவின் எல்லையைத் தாண்டி நூறு ரூபாயைக் கூட்டிவிடும். இரண்டாவது, படகு ஊர்களின் பட்டியல் ஃபங்ஷனுக்குள் புதைந்திருக்காமல் தனிக் கோப்பில் இருக்கிறது. அண்ணன் இன்னொரு ஊரைச் சொன்னால் அங்கே ஒரு வரி. மூன்றாவது, ஃபங்ஷன் வெறும் தொகையைத் திருப்புவதில்லை; அடிப்படை, மேலதிக எடை, படகு, மொத்தம் என்று பிரித்துத் திருப்புகிறது. திரையில் காட்டும் விளக்கமும் குறுஞ்செய்தியில் போகும் விளக்கமும் அதே பிரிப்பிலிருந்து வருகின்றன.

உலாவியிலிருந்து வரும் ஓடரின் வடிவத்தைச் சரிபார்க்கும் விதியையும் பொதுவிலேயே வையுங்கள். டைப்ஸ்கிரிப்டின் டைப்புகள் (எந்தப் புலத்தில் என்ன வகைத் தரவு என்ற குறிப்புகள்) ஓடும் நேரத்தில் இருப்பதில்லை, நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் பில்டின்போதே அழிக்கப்பட்டுவிடும். 'இது ஓடர்' என்று டைப் எழுதிவிட்டதால் மட்டும் சேர்வருக்கு வருவது ஓடராகிவிடாது. நான் தரவைச் சரிபார்க்கும் ஸொட் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். விதியை ஒருமுறை எழுதினால் சரிபார்ப்பும் அதிலிருந்தே, டைப்பும் அதிலிருந்தே. விதியில் இல்லாத புலங்களை அது இயல்பாகவே கழற்றிவிடுகிறது. எவராவது 'விலை 1 ரூபாய்' என்று தாமாகச் சேர்த்து அனுப்பினால் அது வாசலிலேயே விழுந்துவிடும்.

திகதியும் அடையாள அட்டையும்

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். அந்தக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் இடம் கிடைப்பது கடினம். அப்படியொரு சிறிய விடுதிக்கு நான் செய்த பதிவுத்தளத்தில் ஒரு குடும்பம் ஓகஸ்ட் 15ஐத் தெரிவு செய்தது. அறை 14ஆம் திகதிக்குப் பதிவானது. வந்து இறங்கியபோது அறையில் வேறு ஆட்கள். அன்று மாலை விடுதிக்காரர் என்னிடம் பேசியதை எழுத்துத் தமிழில் எழுத முடியாது.

காரணம் எளிமையானது. உலாவி அந்த நாளை இலங்கை நேர நள்ளிரவாக வைத்துக்கொண்டது. நாம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். ஆகவே அதை உலக நேரத்தில் எழுதி அனுப்பியபோது அது 14ஆம் திகதி 18.30 ஆகிவிட்டது. சேர்வர் திகதி இருக்கும் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தது. தீர்ந்தது கதை.

நாள் என்பது நேரம் அல்ல. தங்கும் நாள், பிறந்த நாள் போன்றவற்றை ஆண்டு-மாதம்-நாள் என்ற வெறும் எழுத்துச் சரமாகவே இரண்டு பக்கமும் வைத்திருங்கள். ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருளாக மாற்றி அனுப்பவே வேண்டாம். உண்மையிலேயே நேரம் வேண்டும் என்றால் ஐந்தரை மணியைக் கையால் கூட்டாமல் 'ஏசியா கொழும்பு' என்ற நேர வலயத்தின் பெயரைக் கொடுங்கள். 1996இல் நம் கடிகாரங்களை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பதிவுகளோடு வேலை செய்பவர்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல. இன்னொன்று: 'இன்று' என்ன நாள் என்பதைப் பொது ஃபங்ஷன் தானாகக் கேட்கக்கூடாது. வெளியிலிருந்து அதற்குக் கொடுங்கள். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் கைபேசிக்கு இன்று என்பது வேறு.

அதே விடுதிக்கு அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் ஒப்பிட வேண்டியிருந்தது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் பன்னிரண்டு இலக்கங்கள். பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்கின்றன, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். கண்ணி இருப்பது பெப்ரவரியில். எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்று வைத்தே அந்த எண் எண்ணப்படுகிறது. 1985 மார்ச் 1இல் பிறந்தவரின் அட்டையில் 061 இருக்கும், பெண்ணென்றால் 561. அந்த ஆண்டு லீப் ஆண்டு அல்ல, உண்மையில் அது 60ஆவது நாள். ஜனவரி 1இலிருந்து நாட்களைக் கூட்டிப் போனால் மார்ச் 2இல் போய் நிற்பீர்கள். நான் அப்படித்தான் எழுதினேன். என் சொந்த அட்டை இலக்கத்தை வைத்துச் சோதித்தேன், சரியாக வந்தது. நான் பிறந்தது பெப்ரவரியில்.

ஆகவே பொதுக் கோப்புறைக்குள் சோதனைகளும் இருக்க வேண்டும். வெறும் அட்டவணை போதும்: உள்ளீடு, எதிர்பார்க்கும் விடை. எல்லைகளைப் போடுங்கள்: 1000 கிராம், 1001 கிராம், பெப்ரவரி 28, மார்ச் 1, முல்லைத்தீவு, நயினாதீவு. சேர்வர் பிஎச்பியிலோ பைத்தனிலோ இருந்தால் நிரலைப் பகிர முடியாது. அப்போதும் ஊர்ப் பட்டியலையும் இந்தச் சோதனை அட்டவணையையும் ஜேசன் கோப்பாக (எந்த மொழியும் படிக்கக்கூடிய எழுத்து வடிவத் தரவாக) வைத்து இரண்டு மொழியிலும் படிக்கலாம். என் கணிப்பில் பாதிப் பயன் அதிலேயே கிடைத்துவிடும்.

ஜேசன் என்றவுடன் ஒரு எச்சரிக்கை. ஒரே நிரலைப் பகிர்ந்தாலும் நடுவில் தரவு ஜேசனாகத்தான் போகிறது. டேட் பொருள் வெறும் எழுத்தாகும். வரையறுக்கப்படாத புலம் காணாமல் போகும். மேப் (சாவி-மதிப்புச் சோடிகளின் தொகுப்பு) வெற்றுப் பொருளாகும். பிக்இன்ட் (மிகப் பெரிய முழு எண்) போகவே மறுக்கும்.

நம் எழுத்து

வேறு மொழிக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது அதிகம் இருக்காது. பெயருக்கு இருபது எழுத்து வரை என்று ஒரு வரம்பு வைக்கிறீர்கள். 'யாழ்ப்பாணம்' என்பதில் எத்தனை எழுத்து? நமக்கு ஆறு. ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' 11 என்று சொல்லும், ஏனென்றால் துணைக்காலையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பிஎச்பியின் பழைய 'எஸ்டிஆர்லென்' பைட்டை எண்ணி 33 என்று சொல்லும். உலாவி ஏற்றுக்கொண்ட பெயரைச் சேர்வர் மறுப்பதற்கு இதுவே போதும். எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் 'இன்ட்ல் செக்மென்டர்' இருக்கிறது. அது ஆறு என்றே சொல்கிறது.

இதைவிடத் தந்திரமானது கொம்பு. 'கொ' என்பதைக் 'க'வும் ஒரே குறியீடான ஒகரக் குறியும் சேர்த்து எழுதலாம். எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'கொக்குவில்' என்று தேடினால் கொக்குவில் கிடைக்காத விசித்திரம் இப்படித்தான் பிறக்கிறது. பொதுவில் ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதுங்கள்: முன்பின் இடைவெளிகளை நீக்கி, 'நோர்மலைஸ்' மூலம், இரண்டு விதமாக எழுதியதையும் ஒரே குறியீட்டு வரிசையாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றித் தரட்டும். பெயரோ ஊரோ எங்கிருந்து வந்தாலும் முதலில் அதன் வழியாகப் போகட்டும். படகு ஊர்ப் பட்டியலை ஒப்பிடும் இடமும் அதில் அடங்கும். 'நெடுந்தீவு' என்பதற்குப் பின்னால் ஒட்டியிருந்த ஓர் இடைவெளியால் கடை ஒரு முறை 250 ரூபாய் இழந்திருக்கிறது.

ஒளித்து வைக்க வேண்டியவை

பொதுக் கோப்புறையில் இருப்பதெல்லாம் வாடிக்கையாளரின் கைபேசிக்குப் போகிறது. எஃப்12ஐ அழுத்தி உலாவிக்கு வந்த நிரலைத் திறக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம். பொருட்களின் விவரக் கோப்பில் விற்பனை விலைக்குப் பக்கத்தில் கொள்முதல் விலையையும் நான் வைத்திருந்தேன், ஒரே இடத்தில் இருந்தால் வசதியாக இருக்குமே என்று. கணினி படிக்கும் ஒரு பையன் ஓடர் கொடுக்க வந்தவன் அதைக் கண்டு, "அண்ணா, பனங்கட்டியில் உங்களுக்கு நல்ல லாபம் போலிருக்கிறது" என்று செய்தி அனுப்பினான். நல்ல பையன், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

கடவுச்சொல், கட்டணச் சேவையின் இரகசியச் சாவி, விலைக் கழிவு கொடுக்கும் உள் விதிகள், கொள்முதல் விலை எதுவும் பொதுவில் வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் கருவியிலேயே வேலிகள் இருக்கின்றன. உலாவிக்கான நிரலைக் கட்டும் வீட் கருவி, தன் பெயரோடு தொடங்கும் சூழல் மாறிகளை மட்டுமே உலாவிக்கு விடும். இணையத்தளம் கட்டும் சட்டகமான ஸ்வெல்ட்கிட், லிப் கோப்புறைக்குள் 'சேர்வர்' என்று பெயரிட்ட கோப்புறையை உலாவி நிரல் தொட்டால் பில்டையே நிறுத்தும். அதுபோன்ற இன்னொரு சட்டகமான நெக்ஸ்டில் 'சேர்வர் ஒன்லி' என்ற இம்போர்ட் அதே வேலையைச் செய்யும். பாரமான நூலகங்களையும் பொதுவில் சேர்க்காதீர்கள். சேர்வருக்கு அது ஒன்றுமில்லை, டேட்டா அட்டை போடும் வாடிக்கையாளருக்குக் காசு.

பழைய பக்கம்

எல்லாம் ஒரே இடத்தில் வந்த பிறகும் தொகை மாறுபடலாம். ஒருவர் செவ்வாய்க்கிழமை பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை ஓடரை அனுப்புகிறார். நடுவில் வியாழன் அன்று நீங்கள் கட்டணத்தை மாற்றிப் புதிய பதிப்பை ஏற்றிவிட்டீர்கள். அவருடைய உலாவியில் இன்னும் செவ்வாய்க்கிழமை விதிதான் ஓடுகிறது.

இதற்கு நான் செய்வது: வாடிக்கையாளர் திரையில் கண்ட மொத்தத் தொகையையும் உலாவி ஓடரோடு அனுப்புகிறது. சேர்வர் அந்தத் தொகையை நம்புவதில்லை, தானே கணக்கிடுகிறது. இரண்டும் ஒன்றென்றால் ஓடர் ஏற்கப்படும். வேறென்றால் ஓடரைப் பதியாமல் புதிய பிரிப்பைத் திருப்பி அனுப்புகிறது, திரை அதைக் காட்டிச் சம்மதம் கேட்கிறது. முதலில் அந்த இடத்தில் 'பிழை' என்று எழுதியிருந்தேன். கடைக்கார அண்ணன் விடவில்லை. "பிழை என்று போட்டால் சனம் தாங்கள் ஏதோ பிழை விட்டதாக நினைத்துப் போய்விடும். கட்டணம் மாறியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று போடு" என்றார். அப்படியே போட்டேன்.

கடைசி வேலை, பழைய பிரதிகளை அழிப்பது. கருத்துக் குறிப்பாக மாற்றி வைக்காமல் அழித்தேவிடுங்கள். பழைய ஃபங்ஷனின் பெயரை மட்டும் தேடினால் போதாது, விதிக்குள் இருக்கும் எண்களையும் திட்டம் முழுவதும் தேடுங்கள். நான் 250 என்று தேடினேன். உலாவியில் ஒன்று, சேர்வரில் ஒன்று என்று எதிர்பார்த்தேன். மூன்றாவதும் ஒன்று கிடந்தது, ரசீது மின்னஞ்சலின் வார்ப்புருவில். அதன்படி புங்குடுதீவுக்கு அன்றும் படகுதான் போய்க்கொண்டிருந்தது.